செடியைப் பழக்க முடியுமா? தாவரங்கள் இடத்துக்கு ஏற்றபடி பிழைப்பது எப்படி

கேள்விகள் இரண்டு. பாலைவனம், உப்புச் சேறு, பனிமலை, வெள்ளம் தேங்கும் வயல் என்று எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒரு செடி நன்றாகவே வாழ்கிறது. அந்த இடத்துக்கு ஏற்றபடி அது தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது? அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் எந்தச் செடியையும் எங்கே வேண்டுமானாலும் வளர்த்துவிடலாமா?

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வியில் எங்கே சறுக்கல் இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1930களில் கலிபோர்னியாவில் ஜென்ஸ் கிளாசன், டேவிட் கெக், வில்லியம் ஹீசி என்ற மூன்று ஆய்வாளர்கள் மூன்று உயரங்களில் தோட்டம் போட்டார்கள். ஒன்று ஸ்டான்ஃபோர்டில், ஏறக்குறைய கடல் மட்டத்தில். அடுத்தது சியரா நெவாடா மலையில் 1,400 மீட்டர் உயரத்தில். மூன்றாவது 3,050 மீட்டரில், அதற்கு மேல் மரமே வளராத எல்லைக்குப் பக்கத்தில். ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகளைக் கடலோரம், நடுமலை, உச்சி என்று பல இடங்களிலிருந்தும் பெயர்த்து வந்தார்கள். ஒவ்வொரு செடியையும் துண்டுகளாகப் பிரித்து, மூன்று தோட்டத்திலும் ஒவ்வொரு துண்டு நட்டார்கள். ஒரே செடியின் துண்டுகள் என்பதால் பரம்பரைக் குணம் ஒன்றுதான், இடம் மட்டும்தான் வேறு.

ஒரே செடியின் துண்டுகள் ஒரு தோட்டத்தில் உயரமாகவும் இன்னொன்றில் குட்டையாகவும் வளர்ந்தன. ஆக, ஓரளவுக்குச் செடி வளைந்து கொடுக்கிறது. ஆனால் அந்த ஓரளவோடு சரி. கடலோரத்துச் செடிகள் பல உச்சித் தோட்டத்தின் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. உச்சியிலிருந்து வந்தவை கதகதப்பான ஸ்டான்ஃபோர்டிலும் குட்டையாகவே நின்றன. அங்கே பனியே இல்லாவிட்டாலும் குளிர்காலம் வந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கின. சொந்த ஊரின் காலக்கணக்கு அவற்றின் உள்ளேயே எழுதப்பட்டிருந்தது. எத்தனை வருடம் பழக்கினாலும் அதை அழிக்க முடியவில்லை.

அப்படியானால் அந்தக் கணக்கு உள்ளே எப்படி ஏறியது? இதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் பிரிட்டனின் பழைய சுரங்கங்களிலிருந்து வருகிறது. செம்பும் ஈயமும் தோண்டிய இடங்களில் கொட்டிய கழிவு மேடுகள் செடிகளுக்கு விஷம். இருந்தும் அவற்றின் மேல் சில புற்கள் வளர்ந்திருந்தன. அந்தோணி பிராட்ஷாவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1950கள் தொடங்கி இதைத் துருவிப் பார்த்தார்கள். பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் அதே புல்லின் விதையை எடுத்துக் கழிவு மண்ணில் விதைத்தால் பெரும்பாலானவை செத்துவிடும்; ஆயிரத்தில் ஒன்றிரண்டு மட்டும் பிழைக்கும். அந்த ஒன்றிரண்டு எந்த முயற்சியும் செய்யவில்லை. விஷத்தைத் தாங்கும் குணம் தற்செயலாக அவற்றிடம் முன்னாலேயே இருந்தது. மற்றவை செத்ததால் மேடு முழுக்க அவற்றின் பிள்ளைகளாகிவிட்டன. இதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்பதும் இல்லை. சுரங்கத்தின் வயதுதான் அதற்கு உச்சவரம்பு.

ஆகவே "செடி தன்னை மாற்றிக்கொள்கிறது" என்று பாடப்புத்தகம் சொல்வது வசதிக்காகச் சொல்வது. மாறுவது தனிச் செடியல்ல, தலைமுறை.

இந்தச் சுரங்கக் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. பலரும் அதைச் சொல்வதில்லை. விஷம் தாங்கும் அந்தப் புல்லை நல்ல மண்ணில், சாதாரணப் புல்லோடு சேர்த்து நட்டால் அது பெரும்பாலும் தோற்றுப்போகிறது. தாங்கும் திறமைக்கு ஏதோ ஒரு விலை கொடுத்திருக்கிறது. போட்டி வரும்போது அந்தக் கடன் தெரிகிறது. தகவமைப்பு என்றாலே இந்த விலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். கள்ளி, கண்டல், நெல் என்று எதை எடுத்தாலும் "இந்தச் செடியால் என்ன முடிகிறது" என்பதோடு "அதற்காக எதை விட்டுக்கொடுத்தது" என்றும் கேட்டால்தான் படம் முழுமையாகும்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். இலையில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரவேண்டும். துளை திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போய்விடும். இதில் பேரம் மிக மோசம்: நெல் போன்ற ஒரு சாதாரணச் செடி ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க ஏறக்குறைய 400, 500 மூலக்கூறு தண்ணீரை இழக்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படியே காற்றில் கலந்துவிடுகிறது. மழை ஊரில் இது பெரிய கவலை இல்லை. வறண்ட ஊரில் ஒவ்வொரு முறை துளையைத் திறப்பதும் பட்டினியா தாகமா என்ற தேர்வுதான்.

சில செடிகள் இந்தத் தேர்வையே தவிர்த்துவிடுகின்றன. மழை பெய்ததும் முளைத்து, சில வாரங்களில் பூத்து, விதை போட்டுச் செத்துவிடும் சிறு பூண்டுகள் வறட்சியைப் பார்ப்பதே இல்லை. வறண்ட காலத்தை விதையாகக் கழிக்கின்றன. விதையின் பொறுமை அபாரமானது. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் அகழ்ந்தெடுத்த, சுமார் 2,000 ஆண்டு பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்தது. வேறு சில செடிகள் ஆழமாக வேர்விட்டு நிலத்தடி நீரைத் தேடிப் போகும். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் இனத்தில், அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கம் தோண்டும்போது 50 மீட்டருக்கும் கீழே வேர் கிடைத்தது. இன்னும் சில, சஞ்சீவி என்று விற்கிறார்களே அந்தச் செலாஜினெல்லா போல, முழுக்கக் காய்ந்து சுருண்டு, தண்ணீர் பட்டதும் பச்சையாகிவிடும். ஆனால் இப்படிக் காய்ந்து மீளும் செடிகள் பெரும்பாலும் குட்டையானவை. உயரமான மரம் எதுவும் அதைச் செய்வதில்லை. காய்ந்த குழாய்களில் மறுபடி அவ்வளவு உயரத்துக்கு நீரேற்றுவது மிகக் கடினம்.

சுவாரஸ்யமான வழி இன்னொன்று: துளையை இரவில் திறப்பது. இதைக் கண்டுபிடித்த கதையில் நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. பெஞ்சமின் ஹேய்ன் என்பவர் தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளர் ஆனவர். இலையைப் பிய்த்துப் போட்டால் அதன் விளிம்பில் குட்டிச் செடிகள் முளைக்குமே, "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" என்று சொல்வார்களே, அந்த ரணகள்ளியின் இலையை அவர் வெவ்வேறு நேரத்தில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு; நண்பகலில் சப்பென்று இருக்கிறது; மாலையில் லேசான கசப்பு. இதை லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். 1815இல் அங்கே லின்னேயன் சங்கம் என்ற இயற்கையியல் அமைப்பின் இதழில் அது வெளிவந்தது. காரணம் முழுதாகப் புரிய நூறாண்டுக்கு மேல் ஆனது. இரவின் குளிர்ச்சியில் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக்கி உயிரணுக்களில் சேமித்துவைக்கிறது செடி. அதுதான் காலைப் புளிப்பு. பகலில் துளையை இறுக மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து கார்பனை எடுத்து வெயிலில் சமைக்கிறது. மாலைக்குள் இருப்புத் தீர்ந்துவிடும். இப்படிச் செய்தால் ஒரு மூலக்கூறு கார்பனுக்கு 50 முதல் 100 மூலக்கூறு தண்ணீர் போதும். வீட்டில் ரணகள்ளி இருந்தால் ஹேய்னின் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம், மெல்லுங்கள், விழுங்கவேண்டாம்.

விலை என்ன? ஓர் இரவில் எவ்வளவு அமிலம் சேமிக்க முடியுமோ அவ்வளவுதான் மறுநாளுக்குச் சாப்பாடு. அதனால் இந்த வழியில் போகும் செடிகள் பொதுவாக மெதுவாக வளர்கின்றன. கரம்பில் கம்பீரமாக நிற்கும் கள்ளி, நீர்வளமான ஆற்றங்கரையில் ஏன் இல்லை என்று கேட்டால், அங்கே அதனால் வாழ முடியாது என்பதல்ல காரணம். அது ஒரு முழம் வளர்வதற்குள் புல்லும் கொடியும் அதை மூடிவிடும். இதே உத்தி மரத்தில் தொற்றி வளரும் பல ஆர்க்கிட் செடிகளிடமும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மழைக்காடுதான், ஆனால் மரப்பட்டையில் மண் ஏது? மழை நின்ற சில மணி நேரத்தில் அங்கே பாலைவனம்தான்.

கள்ளி என்றதும் ஒரு விஷயம். சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் ஒரே குடும்பம் என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை. உடைத்தால் பால் வடியும் சதுரக்கள்ளி ஆமணக்கின் உறவு, இந்த மண்ணின் செடி. பால் வராத சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு குடும்பங்கள், இலையைக் கைவிட்டு, தண்டையே பச்சையாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் ஆக்கி, முள்ளை வேலியாக வைத்து, ஒரே மாதிரி முடிவுக்கு வந்திருக்கின்றன. வந்த வழி வேறு. சப்பாத்திக்கள்ளியின் முள் இலையிலிருந்து மாறியது; சதுரக்கள்ளியின் ஜோடி முட்கள் இலையடிச் செதில்களின் இடத்தில் வருபவை.

சப்பாத்திக்கள்ளி இங்கே பரவிய கதை, தகவமைப்பில் எதிரிக்கும் பங்குண்டு என்று காட்டுகிறது. அந்தக் கள்ளியைத் தின்னும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். 1795இல் பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்தது தரம் குறைந்த காட்டுப் பூச்சி. சாயத் தொழில் படுத்துவிட்டது. ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியை மட்டும் நன்றாகவே தின்று குறைத்தது. அதற்குப் பிடிக்காத இன்னொரு வகை தென்னிந்தியா முழுக்க மேய்ச்சல் நிலங்களை மூடியது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அது அடங்கியது. வறட்சியைத் தாங்கும் உடம்பு அதற்குப் பழையபடியே இருந்தது. மெக்சிகோ பக்கம் அதைத் தின்ன ஆள் இருந்ததும், இங்கே இல்லாததும்தான் வித்தியாசம்.

சோளம், கம்பு, கரும்பு, அருகம்புல் இவற்றின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பனைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோவுக்கு ஒரு பலவீனம் உண்டு: வெயில் ஏற ஏற அது கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்து ஏமாறும். இந்தப் பயிர்கள் கார்பனை முதலில் வேறு நொதியால் பிடித்து, இலையின் உள்ளறை ஒன்றுக்கு அனுப்பி, அங்கே அதைச் செறிவாக்கிவைத்துத்தான் ரூபிஸ்கோவிடம் கொடுக்கின்றன. துளையைக் குறைவாகத் திறந்தாலே போதும், தண்ணீர் மிச்சம். இந்த ஏற்பாடு பரிணாமத்தில் 60 தடவைக்கும் மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஆனால் அந்தப் பம்பை ஓட்டக் கூடுதல் ஆற்றல் செலவாகும். நிழலிலும் குளிரிலும் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால்தான் கம்புக்கு வெயில் வேண்டும், கோதுமை குளிர் மாதங்களில் ஜெயிக்கிறது. வீட்டோரம் தரையோடு படரும் பருப்புக்கீரை இதில் ஒரு வினோதம்: சாதாரண நாளில் சோளத்தின் வழி, தண்ணீர் வற்றினால் கூடவே ரணகள்ளியின் வழி.

இப்போது உப்பு. இதற்குக் கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டைவிட (கண்டல் காடு என்றும் சொல்வார்கள்) நல்ல பாடம் கிடையாது. பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்வோம்: சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் கண்டல் காடு. அங்கே ஒரு மரத்துக்கு மூன்று சிக்கல்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. வேரைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது, ஆனால் உப்புத் தண்ணீர். சேற்றில் காற்று இல்லை. விதை விழுந்தால் அலை அடித்துக்கொண்டு போய்விடும்.

உப்பு ஏன் சிக்கல் என்றால், கடல்நீர் தன் தண்ணீரை விட்டுக்கொடுக்காது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரிலிருந்து நன்னீரைப் பிரித்து இழுக்க சுமார் 25 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான இழுவை தேவை. பெர் ஸ்கோலாண்டர் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் 1960களில் கிளையை வெட்டி அழுத்தக் கலத்தில் வைத்து அளந்து பார்த்தார்: அலையாத்தி மரங்களின் நீர்க்குழாய்களில் 30 முதல் 60 வளிமண்டலம் வரை இழுவை இருந்தது. இவ்வளவு இறுக்கத்தில் குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகுந்தால் நீர்த்தொடர் அறுந்துவிடும். அதனால் குழாய்கள் குறுகலாக இருக்கின்றன. குறுகலான குழாயில் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். மரமும் மெதுவாகத்தான் வளரும். விலை இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

இழுத்த தண்ணீரோடு வரும் உப்பை என்ன செய்வது? ஒரே சேற்றில் நிற்கும் இரண்டு மரங்கள் இதற்கு வேறுவேறு பதில் வைத்திருக்கின்றன. சுரபுன்னை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. உப்பின் மிகப் பெரும்பகுதி உள்ளே நுழைவதே இல்லை. வெண்கண்டலும் வேரில் வடிகட்டுகிறது, ஆனாலும் மிச்சம் உள்ளே வரும். அதை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறிய பிறகு வெண்கண்டல் இலையைத் தடவினால் உப்புப் பொடி கையில் ஒட்டும், நக்கினால் கரிக்கும். எந்த உத்தி சிறந்தது என்று கேட்டால் இடத்தைப் பொறுத்தது என்பேன். பிச்சாவரத்தில் அலை தினமும் வந்துபோகும் ஓடைக் கரையில் சுரபுன்னை வரிசை கட்டி நிற்கிறது. அதற்குப் பின்னால், உப்பு தேங்கி ஏறும் உட்பகுதியில் வெண்கண்டல்தான் ராஜா. உப்பு அதிகமாக ஏறும் முத்துப்பேட்டையில் காட்டின் பெரும்பகுதி வெண்கண்டலே. நிலத்தை ஒட்டிய ஓரத்தில் தில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்து, கோயிலின் தலமரமாகவும் இருக்கும் அதே தில்லைதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, விறகு வெட்டுகிறவர்கள் அதைத் தொட யோசிப்பார்கள்.

காற்று விஷயத்திலும் இதே கதை. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். அலையாத்திச் சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை வாடை, அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோனதன் அடையாளம். வெண்கண்டல் தரைக்கடியில் ஓடும் வேரிலிருந்து விரல் பருமனுக்கு மூச்சுவேர்களை ஆயிரக்கணக்கில் நட்டக்குத்தலாக மேலே அனுப்புகிறது. சுரபுன்னை தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டு வேர்களில் நிற்கிறது. இரண்டிலும் பட்டையில் நுண்துளைகள் உண்டு. வேர்கள் உண்மையிலேயே மூச்சுவிடுகின்றனவா என்று 1955இல் ஸ்கோலாண்டர் குழுவினர் பார்த்தார்கள். துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கியது. அதனால்தான் அலையாத்திக் காட்டில் எண்ணெய் படிந்தால் இலை பச்சையாக இருக்கும்போதே மரம் செத்துக்கொண்டிருக்கும்.

விதைக்கு வந்தால், உப்பில் முளைப்பதுதான் ஒரு செடியின் வாழ்க்கையிலேயே பலவீனமான கட்டம். சுரபுன்னை அந்தக் கட்டத்தைத் தாய்மரத்திலேயே முடித்துவிடுகிறது. கனி மரத்தில் தொங்கும்போதே விதை முளைத்து, பச்சை முருங்கைக்காய் மாதிரி நீண்டு வளர்ந்த நாற்றாகத்தான் கீழே விழும். நீர் வடிந்திருந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் மிதந்து வேறு கரைக்குப் போகும். வெண்கண்டலின் விதையும் கனிக்குள்ளேயே முளைத்துவிடும். ஆனால் தோல் கிழித்து வெளியே வராது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் இந்த மரங்கள் உப்பை விரும்புகின்றன என்று நினைக்கவேண்டாம். ஆறும் கடலும் கலந்த, உப்புக் குறைந்த நீரில்தான் அவை செழிக்கும். பிச்சாவரத்தின் சரித்திரமே இதைச் சொல்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் இருந்த மரங்களை மொத்தமாக வெட்டும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேரடியாகப் பட்டுச் சேறு காய்ந்தது, தரை தொட்டி மாதிரி உள்வாங்கியது, ஏற்றத்தில் வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் தேங்கி வற்றி, உப்பு கடலைவிட அதிகமாக ஏறிவிட்டது. அதில் கண்டல்கூட முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து, நடுவே ஒரு கால்வாயும் இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்களுமாக மீன்முள் வடிவத்தில் வெட்டி, அலை உள்ளே வந்து வெளியே போகும்படி செய்தார்கள். உப்பு கழுவப்பட்டது; நட்ட நாற்றுகள் பிடித்தன. எந்தத் தகவமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. உப்பைத் தாங்கும் மரமும், உப்பு ஓரளவு நிலையாக இருக்கும் என்ற நிபந்தனையின் பேரில்தான் தாங்குகிறது.

வெள்ளத்துக்கு நெல்லை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே ஒரே பயிருக்குள் இரண்டு நேரெதிர் வழிகள் இருக்கின்றன. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் உண்டு. அதனால் வேர் நீரில் நிற்பது பிரச்சினையே இல்லை. பயிர் முழுக்க மூழ்கினால்தான் ஆபத்து. பெரும்பாலான ரகங்கள் மூழ்கியதும் பதறி, இருக்கும் சர்க்கரையை எல்லாம் செலவழித்து இலையை நீட்டப் பார்க்கும். தண்ணீர் வடியும்போது கையில் ஒன்றும் மிஞ்சாமல் சாயும்.

ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ரகம் இதற்கு எதிர்மாறு. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். இருப்பைச் சேமித்து இரண்டு வாரம் வரை தாக்குப்பிடித்து, நீர் வடிந்ததும் மறுபடி துளிர்விடும். இதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். அந்தக் குணத்தைக் கலப்பினத்தின் மூலம் சேர்த்த சுவர்ணா சப்1 ரகம் 2009இல் இந்தியாவில் வெளியானது. காவிரி டெல்டாவில் பொன்மணி என்று நடுகிற சி.ஆர். 1009க்கும் இப்போது சப்1 வடிவம் இருக்கிறது.

வங்கதேசம் போன்ற இடங்களின் ஆழநீர் நெல் வேறு மாதிரி. தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும். ஒரே நாளில் 20, 25 சென்டிமீட்டர்கூடத் தண்டு நீண்டு, எப்படியாவது இலை நுனியை நீருக்கு மேலே வைத்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு நெல்லுக்கும் சேதி சொல்வது ஒரே வாயுதான், எத்திலீன். மூழ்கிய செடியிலிருந்து அது வெளியேற முடியாமல் உள்ளே தேங்கும். அதே சேதியை ஒரு நெல் "நில்" என்று படிக்கிறது, இன்னொன்று "ஓடு" என்று படிக்கிறது.

எது சரி? வெள்ளம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. பத்து நாளில் வடிந்துவிடும் வெள்ளத்தில் நிற்பவன் பிழைப்பான். ஓடியவன் நீர் வடிந்ததும் மெலிந்த தண்டோடு தரையில் படுத்துவிடுவான். மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்தில் நின்றவன் அழுகிவிடுவான். மடுமுழுங்கி மாதிரியான நம் பழைய ரகங்களைப் பள்ளத்து வயலுக்கென்று தனியே வைத்திருந்தவர்கள் இந்தக் கணக்கை மரபணு தெரியாமலே போட்டிருக்கிறார்கள். உப்பு வயலிலும் இதே நிலைதான். கேரளத்தின் பொக்காளி நெல் உப்பைத் தாங்கும், உலகம் முழுக்க ஆராய்ச்சிக்குப் போன நெல் அது. ஆனால் உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. அதன் உப்புத் தாங்கும் குணத்தை மட்டும் பிரித்தெடுத்து வேறு ரகத்தில் சேர்க்க ஆண்டுக்கணக்கில் வேலை நடந்திருக்கிறது. ஒரு குணம் வரும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வருவதைக் கழற்றுவதுதான் அதில் பாதி வேலை.

குளிரைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆப்பிள் மரம் குளிரைத் தாங்குகிறது என்பதைவிட, குளிரை எண்ணுகிறது என்பது சரியாக இருக்கும். குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தால்தான் மொட்டு உறக்கம் கலையும். பழைய ரகங்களுக்கு இது 1,000 மணி வரை போகும். நடுவே நாலு நாள் வெயில் அடித்தால் ஏமாந்து பூத்து, அடுத்த பனியில் கருகிவிடாமல் இருக்கத்தான் இந்தக் கணக்கு. அதே கணக்கால் சமவெளியில் அந்த மரம் வெறும் இலையோடு நிற்கிறது, அல்லது ஒழுங்காகத் துளிர்ப்பதே இல்லை.

பழக்குவது பற்றிய அந்த இரண்டாவது கேள்விக்குத் திரும்புகிறேன். ஓர் ஆப்பிள் மரத்தை வருடக்கணக்கில் வெயிலில் வைத்துப் பழக்கி இந்த எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. குறைந்த குளிரே போதும் என்ற குணம் ஏற்கெனவே உள்ள மரங்களைத் தேடிக் கலந்து புது ரகம் உண்டாக்கலாம். இஸ்ரேலில் உருவாக்கிய அன்னா ரகம் அப்படி வந்ததுதான். அதற்கு 300 மணி குளிரே அதிகம். வெயில் ஊரில் ஆப்பிள் காய்த்தது என்று யாராவது படம் காட்டினால் மரத்தின் ரகம் என்ன என்று கேளுங்கள். மரம் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

ஆனால் கலிபோர்னியாத் தோட்டங்களில் பார்த்த அந்த "ஓரளவு" இருக்கிறதே, அதற்குள் பழக்குவது நிஜமாகவே வேலை செய்யும். நர்சரியில் நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் நட்டால் கருகும். ஒன்றிரண்டு வாரம் தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பிழைக்கும். வீட்டுக்குள் இருந்த தொட்டிச் செடிக்கும் அப்படியே. ஆனால் நிழலில் விரிந்த பழைய இலை வெயில் இலையாக மாறிவிடும் என்று காத்திருக்கவேண்டாம். அது பெரும்பாலும் வெளுத்து உதிரும். அடுத்து வரும் புது இலைகள் சிறியதாக, தடிப்பாக வரும்; அவைதான் அந்த வெயிலுக்கான இலைகள். அதனால் முதல் இலைகள் உதிர்ந்ததும் செடி போய்விட்டது என்று பிடுங்கிப் போடாமல், குருத்து உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். குருத்து பச்சையாக இருந்தால் மிதமாகத் தண்ணீர் விட்டு விட்டுவிடலாம்.